கீழ்க்கொல்லையில் நடந்தவர்கள்

மஹரித் வீட்டுக்கு ஜெர்மன் கைதி வந்து சேர்ந்த அன்று, அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவனைக் கூட்டி வந்த புருஷனோடு முற்றத்தில் நின்றபடியே சண்டைக்குப் போனாள்.

"இது என்ன கை? இதை வெச்சுக்கிட்டு இவன் மண்வெட்டி புடிப்பானா? பச்சப்புள்ளைக்கு எண்ணெய் தேய்க்கத்தான் லாயக்கு."

"ரொட்டி சுடுறவனாம். மாவு பிசைஞ்ச கை அப்படித்தான் இருக்கும்," என்றான் லாவு.

"உழவு தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா கெடைக்கல உங்களுக்கு?"

"உழவு தெரிஞ்சவனையெல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க பொறுக்கிட்டுப் போய்ட்டாங்க. மிச்சம் நின்னது ரெண்டு பேரு. ஒருத்தன் வாத்தியாரு. அதுக்கு இவன் தேவலைன்னு பட்டுது."

இதைக் கேட்டு நான் சுவருக்கு இந்தப் பக்கம் சிரித்துவிட்டேன். அப்போது நான் அவர்கள் வீட்டுக்கு அடுத்த பட்டறையில் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முற்றத்துக்கும் நடுவே இடுப்பளவுக் கல்சுவர்தான். அங்கே பேசுவது இங்கே கேட்கும். கேட்காவிட்டால் நான் சுத்தியலைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வேன்.

உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. பிரான்ஸின் மேற்கே, எங்கள் பிரெத்தானிக் கடற்கரையில் பாதிக்குமேல் வீடுகளில் ஆண்கள் குறைந்துபோயிருந்தார்கள். அரசாங்கம் பிடித்துவைத்திருந்த ஜெர்மன் சிப்பாய்களை வயல் வேலைக்குக் கொடுத்தார்கள். முதுகில் வெள்ளைச் சாயத்தில் கைதி என்பதற்கான இரண்டு பெரிய எழுத்து, காலில் மரச்செருப்பு, ஒட்டிப்போன கன்னம். இவன் பெயர் வெண்டலின். முப்பது வயதிருக்கும். மஹரித் ஏசுவது புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று "சரி மதாம், சரி மதாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

லாவு மட்டும் அவனோடு ஜெர்மனில் சரளமாகப் பேசினான். பேசாமல் எப்படி? நாற்பதாம் வருஷம் எங்கள் பட்டாளம் சரணடைந்தபோது ஜெர்மன்காரன் கையில் சிக்கி, ஐந்து வருஷம் அங்கே ஒரு பண்ணையில் அடிமை வேலை பார்த்துவிட்டு வந்தவன் அவன். பனியில் இடது கையின் இரண்டு விரல் போயிற்று.

கைதிகளுக்குத் தனி மேஜை போட வேண்டும் என்பது உத்தரவு. முதல்நாள் மத்தியானம் மஹரித் அப்படித்தான் சுவரோரம் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் கருங்கோதுமை அடையும் ஒரு கிண்ணம் மோரும் வைத்தாள். லாவு எழுந்து போய், சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு, அந்த முக்காலியை வெளியே வீசினான்.

"அஞ்சு வருஷம் நான் சுவத்தப் பாத்துத் தின்னேன். அந்தச் சுவத்துல எந்தக் கல்லு எங்க இருக்குன்னு இப்பவும் சொல்லுவேன். என் வீட்ல ஒருத்தனும் சுவத்தப் பாத்துத் தின்னக் கூடாது."

"வெளிய வீசுனீங்களே, கால் ஒடைஞ்சிருந்தா நீங்களா செஞ்சு தருவீங்க?" என்றாள் மஹரித். ஆனால் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரொட்டிக்காரன் ஒன்றும் மோசமில்லை. மாவு மூட்டை தூக்கிப் பழகிய தோள் அவனுக்கு. குளிர்காலம் முழுக்கக் கடல் ஒதுக்கிய பாசியை உரத்துக்காக நீளப்பிடி வைத்த முள்கரண்டியால் வாரி வண்டியில் ஏற்றினான். பனி கலந்த உப்புத்தண்ணீர் கையை அறுக்கும், அறுத்தது. தைமாதக் கடைசியில் அந்தக் கை எங்கள் கை மாதிரி ஆகிவிட்டது. மஹரித் அதையும் ஒருநாள் பார்த்தாள். பன்றிக்கொழுப்பு ஒரு உருண்டை எடுத்துக் கொடுத்து, "தேய்ச்சுக்கோ" என்று சைகை காட்டினாள். அவன் அதில் பாதியைத் தேய்த்துக்கொண்டு பாதியைத் தின்றுவிட்டான்.

அவர்கள் வீட்டுக்குப் பாசி போட்டு உழ இருந்த நிலம் மேல்மேடு மட்டும்தான். அது கல்லுக்காடு. நல்ல நிலம் கடலோரத்தில் இருந்த கீழ்க்கொல்லை. மணல் கலந்த கருமண். கம்பி வைத்துக் குத்தினால் ஒரு முழம் இறங்கும். எங்கள் ஊரிலேயே முதல் உருளைக்கிழங்கு அங்கிருந்துதான் சந்தைக்குப் போகும். கடல்வழியே எதிரி வருவான் என்று பயந்து ஜெர்மன்காரன் அது நிறையக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தான். மண்டையோடு வரைந்த பலகை ஒன்று வாசலில். உள்ளே இடுப்பளவு முட்புதர்.

மது குடிக்கிற கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் கொரந்தின் வாய் ஓயாது. அவனுடைய நிலமும் அதை ஒட்டித்தான், அதுவும் வெடி புதைத்த நிலம்தான்.

"நட்டவனே புடுங்கட்டும்! லாவு, உன் வீட்ல ஒருத்தன் தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறானே, அவனை எறக்கி விடேன்."

"அவன் ரொட்டிக்காரன்ப்பா. வெடியைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதுதான் அவனுக்கும் தெரியும்."

"ஜெர்மன்காரன்தானே?"

"நீ கூட பிரெஞ்சுக்காரன்தான். பீரங்கி சுடுவியா?"

கடையே சிரித்தது. கொரந்தினும் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடியவில்லை.

பங்குனியில் ஒரு புயல் அடித்தது. விடிந்து பார்த்தால், கீழ்க்கொல்லையின் கல்வரப்பு ஒரு வண்டி அகலத்துக்குச் சரிந்து கிடந்தது. மஹரித்தின் வெள்ளைத்தலைச்சி, அந்த வீட்டுக்கு இருந்த ஒரே பசு, நிறைசூல், மேய்ச்சலில் இருந்து அந்த வழியாக இறங்கிக் கொல்லையின் நடுவில் படுத்துக் கிடந்தது. கத்தியது. கன்று வரப்போகிறது என்பது அந்தக் கத்தலிலேயே தெரிந்தது.

கால்மணி நேரத்தில் ஊரே வரப்படியில் நின்றது. நானும் நின்றேன்.

"காலு ஒண்ணுதான் வெளிய தெரியுது," என்றாள் மஹரித், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு. "கன்னு கோணலா நிக்குது. இழுக்கலேன்னா ரெண்டும் போயிடும்."

கொரந்தின் திரும்பி வெண்டலினைப் பார்த்தான். அவனைத் தொடர்ந்து எல்லோரும் பார்த்தோம். வெண்டலினுக்கு அதற்குள் எங்கள் பேச்சு ஓரளவு பிடிபட்டிருந்தது. அவன் உதடு வெளுத்தது.

"அனுப்பு லாவு," என்றான் கொரந்தின். "இதுக்குத்தானே இவங்களைக் குடுத்துருக்காங்க."

லாவு வெண்டலினுக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றான்.

"அங்க நான் இருந்த டவுன்ல குண்டு விழுந்து வெடிக்காமக் கெடந்துச்சு. 'உங்காளுங்க போட்டது, நீங்களே தோண்டுங்க'ன்னு எங்களத்தான் எறக்கினாங்க. என்கூட மட்டே எறங்குனான். உங்களுக்கெல்லாம் மட்டேயைத் தெரியும். வாத்தியாரா இருந்தப்ப அவன் பிள்ளைங்க நோட்டுல குத்துன முத்திரைக் கட்டையைக்கூட இன்னும் அவன் அம்மா வெச்சிருக்கு. அவனை ஒரு கூடையில அள்ளுனோம். இப்ப நான் அதே வார்த்தையை இவன்கிட்டச் சொல்லணுமா?"

"பசு சாகுதுய்யா!"

"தெரியும். என் பசுதான்." அவன் வெண்டலின் பக்கம் திரும்பி ஜெர்மனில் பேசினான். பிறகு எங்களுக்கும் விளங்கட்டும் என்று எங்கள் பேச்சில் சொன்னான். "இவன்கிட்ட இப்பச் சொன்னேன். போறியான்னு கேக்குறேன். போகலேன்னா, அடுப்பங்கரையில போய் உக்காரு. நாளைக்கும் இதே சாப்பாடு, இதே படுக்கை. முகாமுக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன். யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா அவங்க என்கிட்டப் பேசட்டும்."

வெண்டலின் கொல்லையைப் பார்த்தான். பசு கத்தியது. அவன் லாவுவின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"முடியாது முசே."

"சரி," என்றான் லாவு.

மஹரித் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பாவாடையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். கயிற்றைத் தோளில் போட்டாள்.

"மாடு போன எடத்துல வெடிக்கல. மழை பெஞ்ச மண்ணு, குளம்பு பதிஞ்ச தடம் கண்ணாடி மாதிரி தெரியுது. அதுமேலயே காலை வெச்சுப் போறேன். எனக்கு ஆம்பளை துணை வேணாம்."

"நில்லுடி!"

அவள் நிற்கவில்லை. சரிந்த கல்லைத் தாண்டி, ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் மரச்செருப்பின் நுனியை வைத்துப் போனாள். லாவு வாய்க்குள் திட்டிக்கொண்டே அவள் தடத்தில் இறங்கினான். வரப்படியில் நின்ற நாங்கள் மூச்சைக்கூட மெல்ல விட்டோம்.

அவர்கள் போனார்கள். கன்றைத் திருப்பினார்கள், அவள் தோள்வரை கையை விட்டதை நான் பார்த்தேன். கயிறு கட்டி இழுத்தார்கள். கன்று வழுக்கி வந்து விழுந்து, பசு நக்கிவிட, கடைசியில் எழுந்தது. லாவு அதை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வெள்ளைத்தலைச்சி கன்றின் வாசத்தைப் பிடித்தபடி பின்னால் வந்தது. மஹரித் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அது தடம் மாறினால் அடிக்கிற தோரணையில் வந்தாள். வரப்பு ஏறியதும் கொரந்தின்தான் முதலில் கைதட்டினான்.

தொழுவத்தில் புது வைக்கோல் விரித்து, வெந்நீர் காய்ச்சி, தவிடு கரைத்து வைத்திருந்தான் வெண்டலின். மஹரித் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். அவனோடு மட்டும் பேசவில்லை. அன்று தொட்டு அவன் கிண்ணத்தை அவள் மேஜையில் வைக்கிற சத்தம் என் பட்டறை வரை கேட்டது.

"என் கையால தின்னுட்டு, நான் சாகப் போறதை நின்னு பாத்தான்," என்றாள் ஒருநாள், சுவருக்கு அப்புறம்.

"நீ போனது உன் இஷ்டம்," என்றான் லாவு. "அவன் போயிருந்தா அது யாரு இஷ்டம்?"

"இந்தப் பேச்சு பால் கறக்குமா?"

"கறக்காது. ஆனா நான் ராத்திரி தூங்குவேன்."

அவள் கோபம் வேறு வழியில் வேலை செய்தது. கீழ்க்கொல்லையை இனி விடுவதில்லை என்று ஊர்த்தலைவர் வாசலுக்கு நடையாய் நடந்தாள். கைதிகளை வைத்து வெடி எடுக்கிற கூட்டம் ஒன்று கடற்கரையோரமாக ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. "எங்க கொல்லையிலதான் முதல்ல" என்று தலைவரிடம் வாக்கு வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

வைகாசி தொடக்கத்தில் வந்தார்கள். ஒரு சார்ஜண்ட், துப்பாக்கியோடு இரண்டு காவல்காரர்கள், பத்துப் பன்னிரண்டு கைதிகள். முட்டி போட்டு, நீளக் கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தி நகர்ந்தார்கள். கம்பி எதிலாவது தட்டினால் கையால் மண்ணைப் பறித்தார்கள். மஹரித் பெரிய அண்டாவில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் போட்டுச் சூப்பு வைத்தாள். தன் கொல்லைக்கு வேலை செய்கிறவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. அவர்களில் ஒருவன் எக்கார்ட். மீசை அரும்பிய பையன். அவன் காது இரண்டும் தொப்பிக்கு வெளியே விரிந்து நிற்கும். மலைக்கிராமத்துப் பிள்ளை. வரப்புக்கு இந்தப் பக்கம் மாடு மேய்த்த வெண்டலினோடு அவன் ஓயாமல் பேசினான். லாவு எனக்குச் சொல்வான்: "அம்மா தனியா இருக்குதாம். கிழங்கு போடுற குடும்பம். நம்ம மண்ணைப் பாத்து வாயைப் பொளக்குறான்."

மூன்றாம் நாள் சாயங்காலம் சார்ஜண்ட் வந்து, "முடிஞ்சுது மதாம். இப்ப நடந்து காட்டுவாங்க. அப்புறம் நீங்க நம்பி ஏர் பூட்டலாம்," என்றார்.

"நடந்து காட்டுறதுன்னா?"

அது என்ன என்பதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். கைதிகள் வரிசையாகத் கையோடு கை கோத்து நின்றார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார்கள். ஒரு சுற்று போய் வந்தார்கள். இரண்டாவது சுற்றில், கிழக்கு மூலையில், மண் எழுந்தது. சத்தம் அப்புறம்தான் வந்த மாதிரி இருந்தது.

எக்கார்ட் அங்கேயே போய்விட்டான். அவனோடு கை கோத்திருந்தவனுக்குக் காலில் அடி. மஹரித் யாரையும் கேட்காமல் ஓடினாள். பையனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, முகத்து மண்ணைத் தன் வெள்ளைத் தலைத்துணியை அவிழ்த்துத் துடைத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் தலைத்துணியை வெளியில் அவிழ்ப்பதில்லை. நான் அவள் முடியை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, நரைத்திருந்தது.

சார்ஜண்ட் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு வேலை முடிய வேண்டும்.

"ஒண்ணு தப்பிருச்சு. நாளைக்கு மறுபடி குத்திப் பாத்து, மறுபடி நடக்கணும். ரெண்டு ஆள் கொறையுது. உங்க வீட்ல ஒருத்தன் இருக்கான்ல?"

மஹரித் எழுந்து நின்றாள். பாவாடை முழுக்க ரத்தம்.

"அவன்கிட்ட ஏற்கெனவே கேட்டாச்சு."

"யாரு கேட்டா?"

"என் வீட்டுக்காரரு. முடியாதுன்னுட்டான்."

"கைதிகிட்டப் போய் யாராவது கேப்பாங்களா மதாம்?"

"எங்க வீட்ல கேப்போம்."

அவளே தொடர்ந்தாள். "கொல்லையும் வேணாம். நான் கேட்டுத்தானே வந்தீங்க? இப்ப நானே வேணாங்குறேன். இந்தப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க."

"சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. இப்ப விட்டா உங்க முறை எப்ப வரும்னு சொல்ல முடியாது. கெழங்கு?"

"மேட்டுல வெளையறதத் திம்போம். பத்தலேன்னா கம்மியாத் திம்போம்."

மறுநாள் காலையில் அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். "லாடக்காரரே! எங்க வண்டியைக் கொல்லை வாசல்ல குறுக்க விட்டுருக்கேன். வந்து சக்கரத்தைக் கழட்டுங்க. நாலையும்."

கழட்டினேன். சார்ஜண்ட் வந்தபோது, சக்கரமில்லாத வண்டியின்மேல் அவள் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லாவு. அவர்களுக்கு நடுவில், எல்லோரும் பார்க்கும்படி, வெண்டலின். அவனும் பட்டாணி உரித்தான். வண்டியைச் சுற்றிப் போக வழி இல்லாமல் இல்லை. ஆனால் சார்ஜண்ட் ஆட்களைத் திருப்பி, கொரந்தின் நிலத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

கொரந்தின் நிலத்தில் யாரும் சாகவில்லை. அந்த வருஷமே அவன் கிழங்கு போட்டான், விளைந்தது. வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு மஹரித் வாசல் வழியாகவே போவான். "வேணுமா மஹரித்? சின்னது ரெண்டு தரட்டா?" என்பான். "ஒன் வயித்துக்கே பத்தாது, போய்யா," என்பாள் அவள். அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் நிஜமாகவே கம்மியாகத்தான் தின்றார்கள்.

எக்கார்டை எங்கள் கல்லறைத் தோட்டத்து மூலையில் அடக்கம் செய்தோம். லாவும் வெண்டலினும் குழி வெட்டினார்கள். அன்று வெண்டலின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தானே தவிரச் சாப்பிடவில்லை. மஹரித் கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். சத்தம் வராமல் நகர்த்தினாள்.

"உன்மேல கோவமா இருந்தேன். இப்ப இல்ல. தின்னு."

அவன் தின்றான். லாவு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நாற்பத்தெட்டில் கைதிகளை விட்டார்கள். இங்கேயே சம்பளத்துக்கு இருக்கிறாயா என்று லாவு கேட்டான். ஊரில் அடுப்பு ஆறிக் கிடக்கிறது என்று சொல்லி வெண்டலின் போனான். போகுமுன் எங்கள் தெரு முழுக்க ரொட்டி சுட்டுக் கொடுத்தான். அன்றுதான் எங்களுக்கு அவன் எதற்கு லாயக்கு என்று தெரிந்தது. வீடு போய்ச் சேர்ந்த பிறகு, எக்கார்ட் சொன்ன அடையாளங்களை வைத்துக்கொண்டு அவன் அம்மாவைத் தேடி மலைக்கிராமம் மலைக்கிராமமாக விசாரித்திருக்கிறான். அது எங்களுக்கு ஐம்பதாம் வருஷம் ஜூன் மாதம்தான் தெரிந்தது. பேருந்திலிருந்து கறுப்புடையில் ஒரு பெண் இறங்கி, என் பட்டறை வாசலில் நின்று, "மஹரித், லாவு" என்று இரண்டு பெயரை மட்டும் சொன்னாள். அந்த விரிந்த காதுகளைப் பார்த்ததும் எனக்கு யாரென்று விளங்கிவிட்டது.

கீழ்க்கொல்லை அதற்கு முந்தின வருஷம் சுத்தமாகியிருந்தது. சம்பளத்துக்கு வெடி எடுக்கிறவர்கள், கருவிகளோடு வந்து, நிதானமாக எடுத்துவிட்டுப் போனார்கள். அன்று அங்கே கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மழை கட்டியிருந்ததால் நானும் கூடை தூக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன்; ஓடிப்போய் மஹரித்தைக் கூட்டி வந்தேன்.

மஹரித் முதலில் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். பிறகு அவளே கேட்டதால் கொல்லைக்கு. ஹெட்விக் என்று பெயர். கிழக்கு மூலையைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தோண்டிப் போட்டிருந்த கிழங்கு ஒன்றை எடுத்துத் திருப்பினாள். நாக்கால் ஒரு சத்தம் செய்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மஹரித்.

லாவு தயங்கினான். "தோண்டுறவன் முள்கரண்டியைச் செடிக்கு ரொம்பக் கிட்ட எறக்குறானாம். பாதிக் கெழங்கு குத்துப்பட்டிருக்காம்."

"நல்லாச் சொன்னாங்க. நானும் இருவது வருஷமா அதைத்தான் சொல்றேன். முள்ளை அவங்க கையில குடுங்க."

ஹெட்விக் கறுப்பு மேலங்கியைக் கழற்றி வரப்பில் மடித்து வைத்தாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மஹரித்துக்கு அடுத்த வரிசையைப் பிடித்தாள். எங்களைவிட வேகமாகத் தோண்டினாள். ஒரு கிழங்கு குத்துப்படவில்லை. இரண்டு பெண்களும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல், ஆளுக்கொரு வரிசையில் கிழக்கு மூலையை நோக்கிப் போனார்கள். மூலைக்கு வந்ததும் ஹெட்விக் நிற்கவில்லை. மண்டி போட்டு, முள்ளை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினாள். அங்கே கிடைத்த கிழங்கை மட்டும் கூடையில் போடாமல், ஒவ்வொன்றாகத் துடைத்துத் தன் மடியில் சேர்த்தாள்.

மஹரித் அதைப் பார்த்துவிட்டு, காலியாகக் கிடந்த சாக்கு ஒன்றை உதறிக்கொண்டு வந்தாள்.

"விதைக்கா வேணும்னு கேளுங்க," என்றாள் புருஷனிடம். "விதைக்குன்னா பெருசு வேணாம். நடுத்தரமாப் பாத்துப் போடணும்."

லாவு வாயைத் திறப்பதற்குள் ஹெட்விக் தலையசைத்துச் சாக்கின் வாயைப் பிடித்தாள். முதல் மழைத்துளிகள் விழத் தொடங்கியிருந்தன. இரண்டு பேரும் நடுத்தரமாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார்கள்.